மூன்றாவது கேள்வி

நாகர்கோவில்
14 மே 2025

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்டெனிக்கு,

ஜான்ரோஸ் எழுதுவது. உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் அபிதா பிளஸ் டூ தேறிவிட்டாள். அறுநூறுக்கு நானூற்று முப்பத்திரண்டு. தோவாளை அரசுப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை முத்திரையிட்டுத் தந்த பட்டியலை நானே பார்த்தேன். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? சிறை மருத்துவர் தந்த தைலம் கேட்கிறதா?

இன்ஜினியரிங் கட்-ஆஃப் இருநூறுக்கு நூற்று நாற்பத்தொன்று வருகிறது. தகப்பன் கைதாகி, வீடு மாறி, திருவட்டாற்றிலிருந்து தோவாளைக்கு வந்து படித்த பிள்ளைக்கு இது நல்ல மதிப்பெண். கல்லூரிக்கு இது குறைந்த மதிப்பெண். நான் முப்பத்து நான்கு வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன். என் தங்கை பெமிலாவின் குடும்பம் என்பதற்காக ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன்.

அவளுடைய வாய்ப்பு இது. பெமிலா பி.ஏ. படித்தவள் என்பதால் முதல் பட்டதாரிச் சலுகை இல்லை. பொதுக் கலந்தாய்வில் அவள் முறை கடைசிச் சுற்றில்தான் வரும். அதற்குள் அரசுக் கல்லூரிகளில் எலக்ட்ரிகல் நிரம்பியிருக்கும். மிச்சமிருப்பது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீடு. அதில் கிடைத்தால் அரசுக் கல்லூரி, கட்டணமும் விடுதியும் அரசே பார்த்துக்கொள்ளும். பெமிலா அதைத்தான் முழுக்க நம்பியிருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. திருவட்டாற்றில் அவள் படித்த பள்ளிக்கூடம் இதில் சேருமா என்று விசாரித்து எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஜான்ரோஸ்


பாளையங்கோட்டை
29 மே 2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

ஸ்டெனி வணக்கம் சொல்லி எழுதுவது. முட்டு பரவாயில்லை. உங்கள் கண் ஆபரேஷன் எப்போது? தள்ளிப்போடாதீர்கள்.

கடிதத்தை இங்கே எத்தனை பேருக்கு வாசித்தேன் என்று கணக்கில்லை. பக்கத்து அறை முருகதாஸ் அண்ணன், "உனக்கு இப்பிடி ஒரு பிள்ளையாலே? அம்மை புத்திய கொண்டிருக்கு, நல்ல காலம்" என்று கேலி செய்தார். செய்யட்டும்.

ஃபோனில் பேசினால் பெமிலா அழுகிறாள், நேரம் முடிந்துவிடுகிறது. நீங்கள் எழுதுங்கள், கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம்.

திருவட்டாறு ஸ்கூலைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். நடத்துவது நம் திருச்சபைதான், ஆனால் சாருக்குச் சம்பளம் கவர்மெண்டு. புத்தகமும் சைக்கிளும் கவர்மெண்டு தந்தது. புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய்கூட அந்த ஸ்கூல் பிள்ளைகளுக்கு உண்டு என்று பேப்பரில் வந்ததே. அப்புறம் அது கவர்மெண்டு ஸ்கூல் இல்லாமல் வேறென்ன?

இன்னொன்று. செப்டம்பர் முப்பதோடு நான் உள்ளே வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு சாதாரண விடுப்புக்கு மனுப் போடலாம். அவள் காலேஜ் பஸ் ஏறுவதை ஒரு நாளாவது வாசலில் நின்று பார்க்க வேண்டும் மச்சான்.

அவள் ஒரு வரியும் எழுதவில்லை. படிப்பு மும்முரம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்டெனி


நாகர்கோவில்
18 ஜூன் 2025

அன்புள்ள ஸ்டெனிக்கு,

ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் அபிதாவுக்கு இடமில்லை. கலந்தாய்வு உதவி மையத்தில் இருக்கும் சுனிதா என்ற அலுவலர் திரையில் விதியைத் திறந்து காட்டினார். அரசாணையையும் வாங்கி வாசித்தேன். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஆறிலேருந்து பத்து வரைக்கும் எங்க படிச்சா?" என்று கேட்டார் சுனிதா.

"சபை ஸ்கூலாக்கும். அரசு உதவி உள்ளது" என்றாள் பெமிலா.

"உதவி பெறுறதுன்னா அரசுப் பள்ளி ஆகாதுக்கா."

"புதுமைப் பெண் ரூவா அந்த ஸ்கூலுக்கும் உண்டுல்லா?"

"அது உண்டு. இது இல்ல."

"ரெண்டும் ஒரே கவர்மெண்டுதானே தருது?"

"நான் வச்ச சட்டமா? நானும் சபை ஸ்கூல்ல படிச்சவதான். இந்த வருஷம் எழுதியிருந்தா எனக்கும் கிடைச்சிருக்காது."

நம் மாவட்டத்தில் இந்தத் தவறு செய்தது நீ மட்டும் இல்லை. அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு குடும்பங்களும் இதே பதிலை வாங்கிக்கொண்டு போயின. தெருவுக்கொரு சபைப் பள்ளி இருக்கும் ஊரில் எது அரசு, எது சபை என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அபிதா, "வெள்ளைக்காரத் துரை கட்டின ஸ்கூலுன்னு அப்பா பெரும பேசினாருல்லா, அந்தத் துரைக்கிட்டயே போய் ஃபீஸ் கேக்கச் சொல்லுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இனி பொதுக் கலந்தாய்வுதான். சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைக்கும். அதற்குக் கட்ட வழி இருக்கிறதா என்பது வேறு விஷயம். கல்விக்கடன் கேட்டுப் பார்க்கிறேன்.

ஜான்ரோஸ்


பாளையங்கோட்டை
30 ஜூன் 2025

மச்சானுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

அரசுப் பள்ளிக்கூடம் திருவட்டாற்றில் எங்கள் வீட்டுக்கு எதிரேதான் இருந்தது. மணி அடித்தால் அடுக்களையில் கேட்கும். பெமிலா அங்கேயே சேர்க்கலாம் என்றாள். நான்தான் பிடிவாதமாக இரண்டு ஸ்டாப் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிற ஆட்களின் பிள்ளைகள் படிக்கிற இடம். டிப்பர் ஓட்டுகிறவன் மகளும் அங்கே டை கட்டி நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அவளுக்கு என்மேல் கோபம் இருக்கிறதா? உள்ளதை எழுதுங்கள்.

ஸ்டெனி


நாகர்கோவில்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஸ்டெனிக்கு,

அபிதா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். எலக்ட்ரிகல், தோவாளையிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய சுயநிதிக் கல்லூரி. முதல் தவணை கட்டியாகிவிட்டது. கல்லூரி அலுவலகம் தந்த ரசீது என்னிடம் இருக்கிறது. இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம், எழுத உறுதியான செய்தி எதுவும் இல்லை என்பதுதான். என் இடது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. உன் உடம்பைப் பற்றி எழுது.

வங்கிக்கு இரண்டு முறை போனோம். தகப்பனார் எங்கே என்று கேட்டார் மேலாளர். அபிதா உள்ளதைச் சொன்னாள். அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் போனபோதும் அடுத்த வாரம் வரச் சொன்னார். வெளியே வந்ததும், "இனி நான் வரல்ல மாமா" என்றாள்.

அதன் பிறகுதான் ஓர் அறக்கட்டளையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வளைகுடாவில் தொழில் செய்யும் ஒருவர் தன் தாயார் நினைவாக நடத்துவது. கஷ்டப்படும் பெண்பிள்ளைகளுக்கு நான்கு வருடமும் கட்டணம் கட்டுகிறார்கள். நேர்காணலுக்கு நானும் போயிருந்தேன். அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்திருந்தது.

மூன்று கேள்விகள் கேட்டார்கள். ஏன் எலக்ட்ரிகல் என்று ஒன்று. "எங்க தெருவுல கரண்டு போனா ஆள் வர ரெண்டு நாளாகும், அதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பாதியில் நின்றுவிட மாட்டாயே என்று ஒன்று. "நின்னா நீங்களும் நிறுத்திக்கிடுங்க" என்றாள். அதுவும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அன்று மாலையே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் காகிதம் அதிகம் கேட்பதில்லை. ஜாஸ்பின் டீச்சர் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாதத்தின் முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, ஜெபம் செய்து, பிள்ளை படிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அவர் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் அடுத்த தவணை வரும்.

ஜான்ரோஸ்


பாளையங்கோட்டை
8 செப்டம்பர் 2025

மச்சானுக்கு,

கோடி நன்றி. கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

முருகதாஸ் அண்ணன் சொந்தக் காசில் எல்லோருக்கும் கான்டீன் மிக்சர் வாங்கிக் கொடுத்தார். "இன்ஜினியர் அப்பா" என்றுதான் இப்போது கூப்பிடுகிறார்கள்.

முப்பதாம் தேதி முடிந்ததும் விடுப்பு மனுப் போடுகிறேன். நன்னடத்தை அலுவலர் தோவாளை வீட்டுக்கு வருவார். நான் வந்தால் தங்க இடம் உண்டா, தெருவில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார். போலீசும் வரும். பெமிலாவிடம் சொல்லி வையுங்கள். எதிர்வீட்டில் யார்? நல்ல ஆட்களா?

ஒரு சந்தேகம். மூன்று கேள்விகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன், இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது என்ன? நல்ல பதில் சொன்னாளா? அதையும் எழுதினால் இங்கே வாசித்துக் காட்டலாம்.

ஸ்டெனி


நாகர்கோவில்
18 செப்டம்பர் 2025

அன்புள்ள ஸ்டெனிக்கு,

உன் மேல்முறையீடு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் இன்னும் பட்டியலுக்கு வரவில்லை. வக்கீல் குமாஸ்தா நேற்று ஃபோனில் சொன்னார். நாங்கள் சுகம்.

விடுப்பு மனுவை இப்போது போட வேண்டாம். மேல்முறையீடு இருக்கிறது. உன் வழக்கில் இறந்துபோன செல்லத்துரை வீட்டார் ஆட்சேபிக்கலாம். ஐப்பசி மழையில் வீடும் ஒழுகும். ஜனவரிக்குப் பிறகு யோசிக்கலாம்.

எதிர்வீட்டில் தாணம்மாள். பூச்சந்தையில் வியாபாரம். பெமிலாவுக்குப் பூக்கட்ட வேலை கொடுத்ததே அவர்தான். நல்லவர். அவரிடம் அலுவலர்கள் விசாரணைக்குப் போக வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

அபிதா ஒழுங்காக வகுப்புக்குப் போகிறாள்.

ஜான்ரோஸ்


பாளையங்கோட்டை
20 அக்டோபர் 2025

மச்சானுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும்.

ஆறாம் தேதி பெமிலா என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கழுத்தில் தாலி இல்லை. கேட்டேன். "செயின் அடகுல இருக்கு" என்றாள். நான் தலையாட்டினேன்.

அறைக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். நம் ஆட்கள் செயினை அடகு வைக்காதவர்களா? எங்கள் அம்மா எத்தனை தடவை வைத்தாள். செயினைத்தான் கொடுப்பார்கள். தாலியைக் கழற்றி ஒரு நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். புருஷன் இருக்கிற எந்தப் பெண்ணும் வெறுங்கழுத்தோடு பஸ் ஏற மாட்டாள். பெமிலா கழுத்தில் நூலும் இல்லை.

அப்புறம் உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வாசித்தேன். நான் வந்தால் வீடு ஒழுகும் என்று எழுதியிருக்கிறீர்கள். மழை ஒழுகாத வீட்டில் நாங்கள் எப்போது இருந்தோம் மச்சான்?

மூன்றாவது கேள்வி, அப்பா என்ன பண்ணுறாங்க என்பதுதானே?

பிள்ளையைத் திட்ட வேண்டாம். வங்கியில் உள்ளதைச் சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை. நான் செத்தவன் என்றால் படிக்கலாம், இருக்கிறவன் என்றால் படிக்க முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரிதான்.

மனு நான் போடவில்லை. இனி போடவும் மாட்டேன். இங்கே சாப்பிடுகிறேன், தையல் கூடத்துக்கு வேலைக்குப் போகிறேன். என்னைப் பற்றி வேறுவிதமாகப் பயப்பட வேண்டாம்.

டீச்சர் வருகிற வீடு என்றால் முன்னறையில் என் படம் வைத்திருப்பீர்கள். கல்யாணப் படத்தில் இருந்து வெட்டியதா? அதில் நான் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பேன். திற்பரப்பு அருவியில் எடுத்த ஒரு படம் உண்டு. அபிதா என் தோளில் இருப்பாள். அவளை வெட்டிவிட்டு என்னை மட்டும் வையுங்கள். அதில் சிரித்த முகம்.

ஸ்டெனி


நாகர்கோவில்
5 நவம்பர் 2025

அன்புள்ள ஸ்டெனிக்கு,

சென்ற சனிக்கிழமை, நவம்பர் ஒன்றாம் தேதி, நீ உயிரோடு இருப்பதை அபிதா ஜாஸ்பின் டீச்சரிடம் சொல்லிவிட்டாள். நான் அந்த அறையில் இருந்தேன். எல்லோரும் சுகம். பெமிலாவுக்கு மட்டும் இரண்டு நாளாகக் காய்ச்சல்.

நீ யூகித்தது சரி. மூன்றாவது கேள்வி அதுதான். "இறந்துட்டாங்க" என்று அவள் சொன்னது பெஞ்சில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் எழுந்து உள்ளே போகவில்லை. உனக்கும் எழுதவில்லை. உறுதியான செய்தியை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். பெமிலா அடுக்களைக்குள் போய்விட்டாள். அபிதா பெட்டியைத் திறந்து திற்பரப்புப் படத்தைத் தேடி எடுத்தாள். கத்தரிக்கோலையும் எடுத்தாள். கொஞ்ச நேரம் இரண்டையும் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாள். சுவரில் இருந்தது கல்யாணப் படம்தான்.

சனிக்கிழமை டீச்சர் வழக்கம்போல வந்தார். பெமிலா காப்பி கொடுத்தாள். டீச்சர் உன் படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடி, ஆண்டவரின் மடியில் இளைப்பாறும் இந்தக் குடும்பத் தலைவருக்காக என்று ஆரம்பித்தார். அபிதா சிரித்துவிட்டாள். டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"என்ன மக்கா?"

"டீச்சர், அவரு எங்கயும் இளைப்பாறல்ல. பாளையங்கோட்ட ஜெயில்ல இருக்காரு."

பெமிலா, "ஏட்டி!" என்று கையைப் பிடித்தாள். இவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன கேசு?" என்று கேட்டார்.

"வழித் தகராறு. இவரு தள்ளினாரு, அவரு கல்லுல விழுந்துட்டாரு. அங்கயும் ஒரு வீட்டுல படம் மாட்டியிருக்கு டீச்சர். அது நெசமான படம்."

டீச்சர் காப்பியைக் குடிக்கவில்லை. போகும்போது வாசலில், "நான் ரிப்போர்ட்டுல உள்ளதத்தான் எழுதணும் பெமிலா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

எதிர்வீட்டுத் தாணம்மாளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. ஞாயிறும் திங்களும் பெமிலாவுக்குக் கட்டப் பூ வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. எப்போதும் உள்ளே வருகிற பையன் இந்த முறை கூடையைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

உன் மனம் நெகிழ வேண்டாம் என்பதால் இதையும் எழுதுகிறேன். அபிதா என்னிடம் சொன்னது: "நான் அப்பாக்காகச் சொல்லல்ல மாமா. மாசாமாசம் அந்த ஜெபத்தக் கேட்டுட்டு நிக்க முடியல்ல. நாலு வருசம் நிக்கணும்லா?" ஜூனில் நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில்: உன்மேல் கோபம் இருக்கிறது. குறைந்ததாகத் தெரியவில்லை.

படத்தைக் கழற்றியாகிவிட்டது. பெமிலா தாலியை ஒரு கறுப்பு நூலில் கோர்த்துப் போட்டிருக்கிறாள். செயின் உண்மையிலேயே அடகில்தான் இருக்கிறது. ஆபரேஷன் ஆன கண்ணால் பார்த்தேன், நூல் புதிது.

இனி தெரிய வேண்டியவை. அறக்கட்டளைக் குழு இம்மாதம் இருபத்திரண்டாம் தேதி கூடுகிறது. உதவி தொடர வாய்ப்பு மிகக் குறைவு என்பது என் கணிப்பு. பொய் சொன்ன பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சை அவர்கள் விரும்ப மாட்டார்கள். இரண்டாம் தவணைக்குக் கல்லூரி டிசம்பர் பத்து வரை நேரம் தந்திருக்கிறது. அதற்குள் வழி இல்லையென்றால் இந்த வருடம் நின்றுவிடும். அடுத்த ஜூனில் பாலிடெக்னிக்கில் சேரலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். விடுப்பு மனுவை நீ போடு. விசாரணைக்கு யார் வந்தாலும் வரட்டும். தெருவில் இனி மறைக்க ஒன்றும் இல்லை. போட்டால் பதில் வர எப்படியும் ஜனவரி ஆகும்.

அபிதா உனக்கு எழுதுவாளா என்பதற்கு என்னால் தேதி சொல்ல முடியாது. நேற்று அவள் மேசையில் ஓர் இன்லேண்ட் கடிதம் இருந்தது. உன் பெயரும் கைதி எண்ணும் சிறை முகவரியும் எழுதியிருந்தாள். எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இதுவரை ஒன்றும் இல்லை.

ஜான்ரோஸ்